நாலு மால் எழுதாத பத்திரம்

போன மார்ச் 31-ஆம் தேதி, சாயங்காலம் ஆறு மணி. குர்காவ்ன் ஆபீஸில் (பேரை குருகிராம்னு 2016-லேயே மாற்றிவிட்டார்கள், என் வாய்தான் இன்னும் மாறவில்லை) எல்லாரும் வருஷக் கடைசி ஆணி பிடுங்கிக் கொண்டிருந்த நேரம். பெங்களூரிலிருந்து போன்.

"சார், இன்னிக்கு நைட்டுக்குள்ள சைன் பண்ணா இருபது பெர்சன்ட் டிஸ்கவுன்ட். நாளைக்குன்னா சிஸ்டமே அலவ் பண்ணாது."

இங்கிலீஷில்தான் பேசிக் கொண்டிருந்தார். நான் என் பேரைச் சொன்னதும் சட்டென்று தமிழுக்கு இறங்கினார். "அண்ணே, நீங்க தஞ்சாவூர்ப் பக்கமா? நான் மதுரை. இது ஸ்டாண்டர்ட் டெம்ப்ளேட்ணே. யாருமே ஒரு வரி மாத்தினதில்ல. கண்ண மூடிட்டு போடலாம்."

கண்ணை மூடிக் கொண்டு கையெழுத்து போடுவது எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு தடவை போட்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு முன்னுரை.

என் பொழப்பு என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. கம்பெனி வாங்குகிற சாஃப்ட்வேர், க்ளவுட், இப்போது ஏ.ஐ., இதற்கெல்லாம் வருகிற அக்ரிமென்ட்டைப் படித்து, சிவப்புக் கோடு போட்டு, திருப்பி அனுப்பும் வேலை. வக்கீல் இல்லை. வக்கீலுக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் மாட்டிக் கொண்ட மத்தளம். எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்காக மருத்துவ இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பேப்பர்களைச் சரிபார்த்து அனுப்புகிறது. அந்தப் பேப்பர்களைப் படித்துச் சுருக்கம் கொடுக்கும் ஒரு ஏ.ஐ. சேவைக்குத்தான் அன்றைக்கு அந்த அவசரம்.

இப்போது கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக் கொள்கிறேன்.

2016-இல் ஹெச்.ஆர். வேலைக்கு ஒரு க்ளவுட் சாஃப்ட்வேர் வாங்கினோம். வருகைப் பதிவு, லீவு, சம்பளச் சீட்டு எல்லாம் அதில்தான். விலையில் மட்டும் நான் புலி. மூன்று சுற்றுப் பேரம் பேசி, தலைக்கு மாதம் எண்பது ரூபாய் கேட்டவர்களை அம்பத்திரண்டுக்கு இறக்கினேன். டேமேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அக்ரிமென்ட் இருபத்தாறு பக்கம். முதல் நாலு பக்கமும் கடைசிக் கையெழுத்துப் பக்கமும்தான் நான் படித்தது.

2020-இல் அந்தக் கம்பெனியை வேறொருவர் வாங்கினார். எங்களுடைய பழைய ப்ளானை நிறுத்துவதாக ஒரு மெயில் வந்தது. அந்த வருஷம் என்ன குழப்பத்தில் இருந்தோம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த மெயில் யாரோ ஒருவருடைய இன்பாக்ஸில் தூங்கியது. விழித்துப் பார்த்தபோது முப்பது நாள் தாண்டிவிட்டது. அக்ரிமென்ட்டின் பத்தொன்பதாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது: சேவை முடிந்து முப்பது நாளில் தரவு அழிக்கப்படும், அதன்பின் அவர்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. கெஞ்சிக் கேட்டதில் கடைசி இரண்டு வருஷத்துச் சம்பளச் சீட்டுகள் மட்டும் பி.டி.எஃப்.பாகக் கிடைத்தன.

அடுத்த வருஷம் டிஸ்பாட்ச் செக்‌ஷனில் ஒரு பெரியவர் ஓய்வு பெற்றார். பீகார்க்காரர். லீவே எடுக்காத மனிதர். சேர்ந்த லீவுக்குப் பணம் கணக்குப் பண்ண வேண்டும், கணக்கு இல்லை. அவர் ஒரு பிளாஸ்டிக் கவரில் பழைய சீட்டுகள் கொஞ்சம் வைத்திருந்தார். மீதியை "சராசரி" என்று போட்டு ஒரு தொகை கொடுத்தார்கள். குறைவு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பரவாயில்ல சாப்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, கவரை மடித்துப் பையில் வைத்துக் கொண்டு போனார். தலைக்கு இருபத்தெட்டு ரூபாய் குறைத்த என்னுடைய வீரம் அன்றைக்கு எவ்வளவுக்கு வந்து நின்றது என்று யோசித்துக் கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கட்சி உண்டு. அது இதுதான்: நாம் விலைக்குப் பேரம் பேசுகிறோம், ஒப்பந்தத்துக்குப் பேரம் பேசுவதில்லை. க்ளவுட், ஏ.ஐ. விஷயத்தில் இந்தப் பழக்கத்துக்கு விலை கொடுப்பது கையெழுத்துப் போட்டவர் இல்லை, அந்தப் பத்திரத்தைப் பார்த்தேயிராத இன்னொருவர்.

என் பெரியப்பா மன்னார்குடி ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியவர். முக்கால் சென்ட் நிலமாக இருந்தாலும் நாலு மால் எழுதாமல் பேனாவை மூட மாட்டார். வடக்கே யார், தெற்கே எது, கிழக்கே எந்த வாய்க்கால், மேற்கே எந்தப் பாதை. அப்புறம் வழிநடைப் பாத்தியம். அப்புறம், வில்லங்கம் வந்தால் விற்றவரே முன்னின்று தன் செலவில் தீர்த்துத் தர வேண்டும் என்று ஒரு வரி. "விலை ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும்டா. எல்லைதான் மறந்து போகும். அதுக்குத்தான் பத்திரம்" என்பார். ஆகாயத்தில் இருக்கிற க்ளவுட்டுக்கும் நாலு மால் உண்டு. என் அனுபவத்தில் அவை இவை.

முதல் மால்: நம் தரவை வைத்து அவர்கள் என்ன செய்யலாம்?

அந்த மார்ச் 31 டெம்ப்ளேட்டில் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி. "சேவையை மேம்படுத்தும் பொருட்டு" வாடிக்கையாளர் தரவைப் பயன்படுத்தலாம். கேட்க நல்லாத்தானே இருக்கு? ஏ.ஐ. காலத்தில் மேம்படுத்துவது என்றால், நம் பேப்பர்களைக் கொண்டு அவர்கள் மாடலுக்குப் பயிற்சி கொடுப்பதும் அதற்குள் அடங்கிவிடும். எங்கள் பேப்பர்களில் இருப்பது யாரோ ஒரு அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்.

இது கற்பனைப் பயம் இல்லை. ஜூம் கம்பெனி 2023-இல் தன் விதிமுறைகளில் இதே மாதிரி விரிவான வாசகம் வைத்திருந்தது ஆகஸ்டில் வெளியே தெரிந்து பெரிய கூச்சல் ஆனது. சம்மதம் இல்லாமல் வாடிக்கையாளரின் பேச்சையும் படத்தையும் ஏ.ஐ. பயிற்சிக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று மாற்றி எழுதினார்கள். கவனியுங்கள், கூச்சல் போட்ட பிறகுதான்.

நாம் எழுத வேண்டியது ஒரே வரி: எங்கள் தரவும், அதிலிருந்து வருகிற விடையும், எங்களுக்குச் சேவை தருவதற்குத் தவிர வேறெதற்கும் கூடாது, எந்த மாடலுக்கும் பயிற்சி கூடாது. கூடவே ஒரு கேள்வி: உங்களுக்குப் பின்னால் யார்? இன்றைக்கு ஏ.ஐ. விற்கிற பாதிப் பேர் வேறொரு பெரிய கம்பெனியின் மாடலை வாடகைக்கு எடுத்து, மேலே சட்டை போட்டு விற்கிறார்கள். நமக்குக் கொடுத்த வாக்கு பின்னால் இருக்கிறவரையும் கட்டுமா என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

இரண்டாம் மால்: நின்று போனால் என்ன?

"99.5 சதவீதம் ஓடும்" என்று போட்டிருப்பார்கள். பரீட்சை மார்க் மாதிரி பார்த்து நாமும் மயங்குவோம். முப்பது நாள் மாதத்தில் 720 மணி நேரம். அரை சதவீதம் என்றால் 3 மணி 36 நிமிஷம் நின்றாலும் அவர்கள் பாஸ். 99.9 என்றால் 43 நிமிஷம். அந்த ஒரு தசமப் புள்ளிக்கு நடுவில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஒளிந்திருக்கிறது.

அதையும் தாண்டி நின்றால்? எங்களுக்கு ஒரு தடவை வேறொரு சேவை ஒன்பது மணி நேரம் நின்றது, அதுவும் க்ளெய்ம் அனுப்பக் கடைசி நாளில். நாற்பது பேர் ராத்திரி உட்கார்ந்து கையால் செய்தார்கள். ஈடாகக் கிடைத்தது மாதப் பில்லில் அஞ்சு சதவீதம், ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதுவும் பணமாக இல்லை, அடுத்த பில்லில் கழிவு. அந்த ராத்திரி வாங்கிக் கொடுத்த சாப்பாட்டுக்கும் கார்களுக்கும்கூடக் காணாது. "இதுவே ஒரே பரிகாரம்" என்று ஒரு வரி இருந்ததால் மேற்கொண்டு வாய் திறக்க முடியவில்லை. அந்த "ஒரே" என்ற சொல்லை வெட்டுங்கள். ஒரே காலாண்டில் மூன்று தடவை தவறினால் அபராதமில்லாமல் விலகலாம் என்று சேருங்கள். இதற்குப் பெரும்பாலும் ஒத்துக் கொள்கிறார்கள்.

மூன்றாம் மால்: வில்லங்கம் வந்தால் யார் முன்னிற்பது?

அக்ரிமென்ட்டின் இதயமே இங்கேதான் துடிக்கிறது. எல்லா டெம்ப்ளேட்டிலும் ஒரு உச்சவரம்பு உண்டு: என்ன நஷ்டம் வந்தாலும், கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் நாம் கட்டிய தொகைக்கு மேல் தர மாட்டார்கள். தரவு இழப்பை "மறைமுக நஷ்டம்" என்ற பட்டியலில் சேர்த்து அதையும் விலக்கி விடுவார்கள். பூட்டு விற்கிறவர், திருட்டுப் போனால் பூட்டு விலையை மட்டும் தருவேன் என்கிற மாதிரி.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன. டெல்டா ஏர்லைன்ஸ் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்து, தங்களுக்கு 50 கோடி டாலர் நஷ்டம் என்றது. க்ரவுட்ஸ்ட்ரைக் தரப்பு வக்கீல்கள் சொன்ன பதில்: ஒப்பந்தப்படி எங்கள் பொறுப்பு ஒற்றை இலக்க மில்லியன் டாலர்களுக்குள்தான். விஷயம் கோர்ட்டுக்குப் போனது. டெல்டாவுக்கே இந்த நிலைமை என்றால் குர்காவ்னில் நானூறு பேர் கம்பெனி எம்மாத்திரம்?

நம் நாட்டுச் சட்டம் இதை இன்னும் இறுக்குகிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களிடம் தரவை வாங்கியவர்தான் பொறுப்பு. அவர் அதை வேறொருவரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னாலும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், பொறுப்பு அவர் தலையில்தான். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 2025 நவம்பரில் விதிகளை அறிவித்தபோது முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் வருஷ பில் பதினெட்டு லட்சம். ஒரு பக்கம் பதினெட்டு லட்சம் உச்சவரம்பு, மறுபக்கம் 250 கோடி வரை அபராதம். நடுவில் இருக்கிற பள்ளத்தில் விழப்போவது யார் என்று டேமேஜரிடம் ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் இருபது பெர்சன்ட் டிஸ்கவுன்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

ஏ.ஐ.யில் இன்னொரு வில்லங்கம், அது தப்பாகச் சொன்னால்? ஏர் கனடாவின் இணையதளத்தில் இருந்த சாட்பாட், துக்கத்துக்குப் போகிறவருக்கான கட்டணச் சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் கேட்டு வாங்கலாம் என்று ஒரு பயணியிடம் தப்பாகச் சொல்லிவிட்டது. அந்த பாட் தனி ஆள், அதன் பேச்சுக்கு அதுவே பொறுப்பு என்கிற அளவுக்கு கம்பெனி வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உங்கள் தளத்தில் இருப்பதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு என்று சொல்லி, கிட்டத்தட்ட 812 கனடா டாலர் கொடுக்க வைத்தது. தொகை சின்னது, பாடம் பெரிசு. வெளியே பொறுப்பு நம்முடையது. உள்ளே வெண்டரோ "விடையின் சரித்தன்மைக்கு உத்தரவாதமில்லை" என்று எழுதி வைத்திருக்கிறார். அதனால் எங்கள் வேலையில் ஏ.ஐ. சொன்னதை ஒரு மனிதர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று எங்களுக்கு நாங்களே விதி வைத்துக் கொண்டோம். சில ஓட்டைகளை அக்ரிமென்ட்டால் அடைக்க முடியாது, நடைமுறையால்தான் அடைக்க வேண்டும்.

நாலாம் மால்: வழிநடைப் பாத்தியம்

வெளியே போகிற வழி. நான் சூடுபட்ட இடம். எந்த வடிவத்தில் தருவார்கள், எத்தனை நாளில், எவ்வளவு காசுக்கு, அழித்துவிட்டோம் என்று எழுதித் தருவார்களா? பி.டி.எஃப். தந்தால் அது தரவு இல்லை, தரவின் போட்டோ. ஐரோப்பாவில் 2025 செப்டம்பர் 12 முதல் டேட்டா ஆக்ட் அமலில் இருக்கிறது. க்ளவுட் வாடிக்கையாளர் அதிகபட்சம் இரண்டு மாத நோட்டீஸில் மாறிப் போகலாம், மாறுவதற்கான கட்டணமே 2027 ஜனவரி 12-இலிருந்து கூடாது. நம்மூரில் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2023-இல் கொடுத்த ஐ.டி. அவுட்சோர்சிங் வழிகாட்டலில் விலகும் திட்டம் வேண்டும் என்று சொன்னது. மற்ற பெரும்பாலானவர்களுக்குப் பத்திரத்தில் எழுதினால்தான் உண்டு.

"இதெல்லாம் சரி, பெரிய கம்பெனிகிட்ட போய் நம்ம பேரம் செல்லுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உலகத்தின் பெரிய மூன்று க்ளவுட்காரர்கள் எனக்காக ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டார்கள். அங்கே நம்மால் முடிந்தது, அவர்களே கொடுக்கிற வழிகளைத் தேடிப் பிடிப்பது: எந்த ப்ளானில் பயிற்சி கிடையாது, எந்த நாட்டில் தரவு இருக்கும், மாதா மாதம் நம்மிடம் ஒரு பிரதி இருக்கிறதா. ஆனால் நாம் வாங்குவதில் பெரும்பகுதி நடுத்தர வெண்டர்களிடம்தான். அவர்களுக்கு நம் கையெழுத்து வேண்டும். குறிப்பாக மார்ச் 31 அன்றைக்கு ரொம்ப வேண்டும் :) நாற்பது திருத்தம் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. நாலு கேட்டால் மூன்று கிடைக்கும்.

அந்த மார்ச் 31 என்ன ஆச்சு? போடவில்லை. டேமேஜர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏப்ரல் 17-இல் கையெழுத்தானது. பயிற்சி கிடையாது என்ற வரி கிடைத்தது. தொண்ணூறு நாள் அவகாசத்தில் சி.எஸ்.வி.யாகத் தரவு திருப்பித் தருவது கிடைத்தது. தரவுக் கசிவுக்குத் தனி உச்சவரம்பு, வருஷ பில் போல மூன்று மடங்கு. 250 கோடிக்கு முன்னால் அது கொசுறுதான், ஆனாலும் பழையதைவிட மேல். கசிந்தால் 24 மணி நேரத்தில் சொல்ல வேண்டும் என்று கேட்டேன், 48-இல் நின்றார்கள். சைபர் சம்பவம் தெரிய வந்த ஆறு மணி நேரத்தில் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 முதல் நமக்கு உத்தரவு இருக்கிறது. அவர்கள் நமக்குச் சொல்ல 48 மணி நேரமா என்று சண்டை போட்டுப் பார்த்தேன், தோற்றேன். டிஸ்கவுன்ட் இருபதிலிருந்து எட்டுக்கு இறங்கியது.

"அண்ணே, உங்களால எனக்கு அந்த குவார்ட்டர் இன்சென்டிவ் போச்சுண்ணே" என்றார் மதுரைத் தம்பி, கோபமில்லாமல். அது உறுத்தத்தான் செய்கிறது. அவர் வீட்டிலும் ஸ்கூல் ஃபீஸ் இருக்கும். ஆனால் பிளாஸ்டிக் கவரை மடித்துக் கொண்டு போன பெரியவரும் இருக்கிறாரே.

இதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்கிற வீடுகளுக்கு ஒரு விஷயம். எங்கள் சொசைட்டியில் கேட்டுக்கு ஒரு ஆப். வருகிறவர் போகிறவர் போட்டோ, போன் நம்பர், நேரம் எல்லாம் பதிவாகும். வேறு ஆப் மாற்றலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது, கூட்டத்துக்கு வந்திருந்த தங்கமணி எழுந்து கேட்டாள்: "நம்ம வீட்டுக்கு வேலைக்கு வர்ற அம்மாவோட போட்டோவும், அவங்க தினம் எத்தனை மணிக்கு வர்றாங்க போறாங்கன்ற கணக்கும் இனிமே யார்கிட்ட இருக்கும்?" செக்ரட்டரி என்னைப் பார்த்தார். நான் அக்ரிமென்ட்டைக் கேட்டேன். ஒரு பக்கம். விலை இருந்தது, மூன்று வருஷம் என்று இருந்தது, தானாகப் புதுப்பித்துக் கொள்ளும் என்று இருந்தது. வேறெதுவும் இல்லை. ஊரெல்லாம் பத்திரம் பார்க்கிறவன் குடியிருக்கிற வீட்டு வாசலில் மால் இல்லாத பத்திரம்.

ஊரை விட்டு வந்து இத்தனை தூரத்தில் பிழைக்கிற நமக்கு எல்லாமே ஆப்தான். கேட் ஆப், ஸ்கூல் ஆப், சங்கத்துக்குச் சந்தா கட்டுகிற ஆப். அங்கெல்லாம் கையெழுத்துப் போடும் இடத்தில் நம்மில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறோம். விலையைக் குறைத்துக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இந்த நாலையும் கேளுங்கள். எங்கள் தரவை வேறெதற்குப் பயன்படுத்துவீர்கள்? நின்றால் என்ன தருவீர்கள்? கசிந்தால் யார் பொறுப்பு? நாங்கள் போகும்போது எதை, எப்படித் திருப்பித் தருவீர்கள்?

கமிட்டி இந்த நாலு கேள்வியை மெயிலில் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. முதல் மூன்றுக்குப் பதில் வந்துவிட்டது. நாலாவதுக்கு இன்னும் வரவில்லை. அது வருகிற வரைக்கும் புதுப்பிக்கிற செக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று செக்ரட்டரி சொல்லிவிட்டார். இந்த முறை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக.

டிஸ்கி: முன்னாடியே சொன்ன மாதிரி நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை, பெரிய தரவு என்றால் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். அவருடைய ஃபீஸிலும் பேரம் பேசலாம், தப்பில்லை.